சுருள்கல்லுக்கு நைவேத்யம்

வைத்தீஸ்வரனின் வீடு பெங்களூர் அடுகோடியில், லேத் பட்டறைகளும் மாவு மில்லும் வாடகை வீடுகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் ஒரு குறுக்குத் தெருவில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. இரண்டு அறைகள், ஒரு சமையற்கட்டு, துணி உலர்த்தவும் துளசித் தொட்டி வைக்கவும் மட்டுமே இடம் கொடுக்கும் ஒரு பால்கனி. அந்த வீட்டின் இரும்புக் கட்டிலுக்கு அடியில், பிஸ்கட் டின்களிலும் பழக்கடைத் தட்டுகளிலுமாக, பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கடல் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

அவர் பொம்மசந்திராவில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். அவருடைய மேசைக்கு வரும் இரும்பு வளையங்கள் அனைத்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும். மயிரிழை மாறினாலும் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். முப்பது ஆண்டுகளாக அவர் செய்துவரும் வேலை, மாறுபட்டதைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான். மாறுபட்டதை ஒதுக்காமல் கையில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்பதை அவர் தாமதமாகவே, நாற்பது வயதில், பெரம்பலூருக்கு ஒரு கல்யாணத்திற்குப் போயிருந்தபோது தெரிந்துகொண்டார்.

உடன் வந்திருந்தவர் கிளாரன்ஸ். அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவர், அடுகோடிக்காரர், சர்ச்சில் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பெட்ரோல் வாசனைக்காகவே தம் பழைய மாருதி காரை எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுகிறவர். காலைச் சிற்றுண்டிப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், காரை என்னும் ஊரின் பொட்டல் ஓடைகளில் கடல் நத்தைகள் கல்லாகிக் கிடப்பதாகச் சொன்னார். முகூர்த்தத்திற்கும் சாப்பாட்டிற்கும் இடையே எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் போனார்கள். கல்யாணச் சாப்பாடு போயிற்று. வைத்தீஸ்வரனின் வேட்டி மடிப்பில் நான்கு கற்கள் வந்தன.

மழை அரித்த செம்மண்ணும் சாம்பல் நிறக் களியும் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் நிலம் அது. ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லுகளைப் போல வெயிலில் மின்னும். சுண்ணாம்புப் பாறைகள் படிந்த காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் ஆட்டுக்கிடாவின் கொம்பைப் போலச் சுருண்ட ஓட்டுக்குள் கணவாய் மீனுக்கு உறவான ஓர் உயிர் வாழ்ந்தது. அறிவியலாளர்கள் அதை அம்மோனைட் என்பார்கள். வைத்தீஸ்வரன் சுருள்கல் என்பார். அந்த உயிர் வளர வளரத் தான் இருந்த அறையைப் பின்னால் சுவர் எழுப்பி மூடிவிட்டு முன்னால் நகரும். அதனால் சுருளின் கடைசி அறை மட்டுமே அதற்கு வீடு. அந்த அறையின் விளிம்புதான் வாய். மெல்லியது, எப்போதும் முதலில் உடைவது. பன்னிரண்டு ஆண்டுகளாக மாதம் ஒரு முறை சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்த் தேடியும், வாய் உடையாத சுருள்கல் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

மனைவி மங்களத்திற்கு இது பிடிக்கவில்லை. திருமணமான மகள் லாவண்யா வைட்ஃபீல்டில் குடியிருந்தாலும் வந்தால் தங்க இடம் வேண்டும். அரிசி டின்னுக்கு இடம் வேண்டும். "இருக்கறதே ரெண்டு ரூம். அதுல ஊர்க் கல்லெல்லாம் கொண்டு வந்து ரொப்பறேளே" என்று ஒருநாள் அவள் சத்தம் போட்டபோதுதான் வைத்தீஸ்வரன் அந்தத் தவறைச் செய்தார்.

"ஊர்க் கல்லுன்னு சொல்லாதே. எங்க அண்ணாவாத்துல பூஜை பண்றாளே சாளக்கிராமம், அது என்னன்னு நெனச்சே? அதுவும் இதேதான். ஹிமாலயத்துல கிடைச்சா அது, காரையில கிடைச்சா இது."

மங்களம் சட்டென்று சமையற்கட்டுக்குள் போய்விட்டாள். வென்றுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். பெருமாளின் வடிவமாகப் பூஜிக்கப்படும் குடும்பத்துச் சாளக்கிராமம் பாகப்பிரிவினையில் மூத்தவர் வீட்டிற்குப் போய்விட்டது என்ற குறை அவளுக்குத் திருமணமான நாள்முதல் இருந்தது என்பது அப்போது அவர் நினைவில் இல்லை.

சென்ற ஆடி மாதம், காரையின் தெற்கு ஓடையில், களிமண் கரையில் பதிந்திருந்த ஓர் உருண்டைக் கல்லைச் சுத்தியலால் தட்டினார். அது இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி உள்ளங்கை அளவுள்ள சுருள்கல்லோடு அவர் கையில் விழுந்தது. மறுபாதி கரையிலேயே நின்றது. அதில் சுருளின் பள்ளமான அச்சு மட்டுமல்லாமல், ஓட்டின் கடைசித் துண்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பு நகத்தைப் போல வளைந்து, ஒரு கீறல்கூட இல்லாமல், முழுமையாக இருந்தது.

அதுதான் வாய்.

அவசரப்பட்டுத் தோண்டினால் உடைந்துவிடும். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, கடைசி டவுன் பஸ்ஸையும் விட முடியாது. அவர் அதன்மேல் ஜிப்சம் தகடுகளை ஓடு வேய்வதுபோல அடுக்கி, அடையாளத்திற்கு மூன்று கற்களை வைத்துவிட்டு, அடுத்த மாதம் சரியான ஊசிகளோடு வருவதென்று கிளம்பினார். ஐப்பசி மழை தொடங்கினால் அந்தக் கரை சரியும் என்பது அவருக்குத் தெரியும். அதற்குள் வந்துவிடலாம் என்று நம்பினார்.

கொண்டுவந்த பாதியை வழக்கம்போலக் களி இளகுவதற்காகத் தண்ணீரில் ஊறப்போட்டார். சமையற்கட்டில் மங்களம் இடம் தரமாட்டாள். எனவே ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, கல்லை அதில் இட்டு, பால்கனியில் துளசித் தொட்டிக்குக் கீழே வைத்தார். துளசி இலைகள் உதிர்ந்து அதில் மிதந்தன. உலர்ந்திருக்கும்போது பழுப்பாக இருக்கும் கல், நனைந்தால் கறுப்பாகத் தெரியும்.

அந்த வாரத்தில் அவருடைய தந்தையாரின் திவசம் வந்தது.

புரோகிதம் பண்ணும் வாத்தியார் அன்று காலை ஏற்கெனவே ஜெயநகரில் ஒரு திவசத்தை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் விரைந்து வந்தவர். ஹோமத்திற்கு உட்கார்ந்து, பையைத் துழாவி, நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடடா! சாளக்கிராம சம்புடத்தை ஜெயநகராத்துலயே வெச்சுட்டு வந்துட்டேனே! அது இல்லாம எப்படி ஆரம்பிக்கறது?"

அவர் கண்கள் வீட்டைச் சுற்றி வந்து பால்கனியில் நின்றன. பித்தளைக் கிண்ணம், துளசி தீர்த்தம், நடுவில் கருமையாக ஒரு சக்கரம்.

"ஆத்துலயே எழுந்தருளியிருக்காரே! சொல்லவே இல்லையே, ஓய்!"

வைத்தீஸ்வரன் விரலில் பவித்திரத்தோடு, சங்கல்பத்தின் நடுவில், தெற்கு நோக்கி உட்கார்ந்திருந்தார். நடுவில் வேறு பேச்சுப் பேசக் கூடாது. பேசலாம் என்று துணிந்தபோது வாத்தியார் கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். மந்திரம் தொடங்கிவிட்டது. வைத்தீஸ்வரன் மங்களத்தைப் பார்த்தார். அவள் சமையற்கட்டு வாசலில் கைகூப்பி நின்றாள், கண்கள் நிறைந்திருந்தன. முப்பது ஆண்டுக் குறை அன்று தீர்ந்த முகம் அது. அவர் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்.

எல்லாம் முடிந்து தாம்பூலம் வாங்கும்போது வாத்தியார் கேட்டார். "யார் ஆராதனம் பண்றா?"

"இனிமே இவர்தான் பண்ணப்போறார்" என்று மங்களம் முந்திக்கொண்டாள்.

"ரொம்ப நல்லது. ஆனா ஒரு நாள்கூட விட்டுடப்படாது, கேட்டேளா? பட்டினி போட்டா குடும்பத்துக்கு ஆகாது. தினம் தீர்த்தம், துளசி, ஒரு பிடி அன்னம். வெளியூர் போனா கூடவே எடுத்துண்டு போகணும். ஸ்திரீகள் தொடற வழக்கம் இல்லை, நீர்தான் பண்ணணும்."

மறுநாள் காலைமுதல் வைத்தீஸ்வரனின் வாழ்க்கை ஒரு கிண்ணத்தைச் சுற்றி அமைந்தது. விடியுமுன் குளித்து, ஈர வேட்டியோடு உட்கார்ந்து, கல்லைத் தண்ணீரால் நனைத்து, துளசி சார்த்தி, மங்களம் வடித்துத் தரும் அன்னத்தைக் காட்டி, மணி அடித்து முடிக்கும்வரை வீட்டில் யாரும் வாயில் காப்பி வைக்கக் கூடாது. கீழே கம்பெனி பஸ் வந்து நிற்கும். டிரைவர் கிருஷ்ணப்பா ஹாரனை அமுக்கிக்கொண்டே தலையை வெளியே நீட்டுவார்.

"சார்! பேக பேக, சீக்கிரம்! சில்க் போர்டு சிக்னல்ல மாட்டினா மதியம்தான் பொம்மசந்திரா! உங்க தேவரு சாமிக்குக் கொஞ்சம் ஸ்பீடா சாப்பிடச் சொல்லுங்க!"

பஸ்ஸில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். வைத்தீஸ்வரன் சட்டையின் கடைசிப் பொத்தானைப் படியிறங்கும்போது போட்டுக்கொள்வார்.

அடுத்த மாதப் பயணத்தைப் பற்றி அவர் பேச்செடுத்தார். மங்களம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்கோ. ஆனா ஞாயித்துக்கிழமை ஆராதனம்?"

"கூடவே எடுத்துண்டு போறேன். வாத்தியாரே சொன்னாரே."

"பஸ்ஸுலயா? யார் காலடியிலயோ வெச்சுண்டா? லாட்ஜ் ரூம்லயா நைவேத்யம் பண்ணுவேள்? யார் யார் என்னென்ன தின்னுட்டுத் தங்கின ரூமோ!"

"மங்களம், அது கடல் நத்தை மாதிரி ஒண்ணு. செத்துப்போய்ப் பத்துக் கோடி வருஷம் ஆச்சு."

"சாளக்கிராமமும் அதேதான்னு நீங்கதானே சொன்னேள்?"

சொன்னது உண்மை, உண்மையைத் திரும்பப் பெற வழியில்லை.

வாத்தியாரிடமே ஒப்புக்கொண்டுவிடலாம் என்று ஒருநாள் மதிய இடைவேளையில் தொழிற்சாலை வாசலில் நின்று தொலைபேசியில் அழைத்தார். அது சாளக்கிராமம் கிடைக்கும் கண்டகி நதியின் கல் அல்ல, பெரம்பலூர் ஓடையின் கல் என்று விளக்கினார்.

"ஓய், திவசம் பண்ணியாச்சு. உம்ம தோப்பனார் வந்து வாங்கிண்டு போயாச்சு. இப்போ வந்து அது சாளக்கிராமம் இல்லேன்னா, அன்னிக்கு நாம பண்ணினது என்ன? யாருக்குப் போச்சு? பேசாம இரும்."

அந்தக் கதவும் சாத்தப்பட்டது. அதே மாதத்தில் லாவண்யாவின் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது. அவளுடைய குழுவில் பாதிப் பேர் போனார்கள். அவளும் மருமகன் தருணும் பயந்ததுபோல அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலை மங்களம் கிண்ணத்திற்கு முன்னால் இரண்டாவது விளக்கு ஒன்றை ஏற்றினாள். மகள்தான் தனியாக அழைத்தாள்.

"அப்பா, எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கையே கிடையாது. உங்களுக்கே தெரியும். ஆனா அடுத்த ரவுண்டு முடியற வரைக்கும் நிறுத்திடாதேங்கோ, ப்ளீஸ்."

வைத்தீஸ்வரன் சிரித்தார், சிரித்த பிறகு கட்டிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். காலடியில் டின்களுக்குள் நூற்றுக்கணக்கான சுருள்கற்கள் இருந்தன. அவற்றுக்கு யாரும் சோறு வைக்கவில்லை; அவற்றால் யாருக்கும் தீங்கும் நேரவில்லை. இந்த ஒன்றை மட்டும் நிறுத்தினால், இனி இந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் அது அவர் தலையில் விழும்.

ஆவணி போயிற்று. புரட்டாசியில் அந்த வாயை எடுத்துவரக் கிளாரன்ஸ் தனியாகக் காரைக்குப் போனார். வைத்தீஸ்வரன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பால்கனியில் நின்றார். கிளாரன்ஸ் படம்படமாக அனுப்பினார்.

"இதுவா?"

"இல்லை. இன்னும் தெற்கே. மூணு கல்லு இருக்கும்."

"இங்க எல்லாமே மூணு மூணு கல்லுதான் மேன்! ஊர்ல இருக்குற கல்லெல்லாம் கூட்டம் போட்டு உக்காந்திருக்கு!"

பிறகு சிக்னல் போய்விட்டது. கிளாரன்ஸ் வெறுங்கையோடு திரும்பினார். ஓடைக்கரையில் ஒரு பக்கம் புதிதாக வெடிப்பு விட்டிருப்பதாகவும், ஒரு பெருமழை பெய்தால் அது நிற்காது என்றும் சொன்னார். அந்த வாரமே பெங்களூரில் மாலைதோறும் மழை பெய்யத் தொடங்கியது. வைத்தீஸ்வரன் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம், நகராத வாகனங்களுக்கு நடுவே, கண்ணாடியில் வழியும் நீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதே மேகம் அங்கே போக எத்தனை நாள் ஆகும் என்பது ஒன்றே அவர் கணக்கு.

அடுத்த ஞாயிறு காலை கிளாரன்ஸ் வீட்டிற்கு வந்தார். ஆராதனம் முடியவில்லை. மங்களம் உள்ளே அன்னத்திற்கு நெய் உருக்கிக்கொண்டிருந்தாள். கிளாரன்ஸ் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, எட்ட நின்று பார்த்தார். ஈர வேட்டி, கிண்ணம், துளசி, நண்பரின் குனிந்த முதுகு.

"என்ன மேன் வைத்தி, இன்னும் லீவு குடுக்கலையா உன் பாஸ்?"

"மெதுவா பேசு."

"நான் ஒண்ணு கேக்கட்டா? தினமும் சோறு ஊட்டுறியே, எதுல ஊட்டுற? இதுக்குத்தான் வாயே இல்லையே! வாய் காரையில கெடக்கு. உடம்பு அடுகோடில, வாய் பெரம்பலூர்ல. பாவம் மேன், மூணு மாசமா பட்டினி!"

உள்ளே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மங்களம் கையில் அன்னக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"என்ன சொன்னேள், கிளாரன்ஸ் சார்?"

கிளாரன்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சும்மா தமாஷுக்கு, சிஸ்டர்."

"வாய் இல்லையா? ஏன்னா, நிஜமாவா?"

வைத்தீஸ்வரன் திரும்பினார். இந்த மூன்று மாதங்களில் முதல் முறையாக அவருக்கு முன்னால் ஒரு வழி தெரிந்தது. பொய் சொல்லத் தேவையில்லாத வழி. கல்லை நீரிலிருந்து எடுத்து, சுருளின் முனை உடைந்திருக்கும் இடத்தை அவளுக்குக் காட்டினார்.

"நிஜந்தான். வாய் அங்கேயே கரையில ஒட்டிண்டு இருக்கு. மழை வந்தா போயிடும்."

மங்களம் கையிலிருந்த அன்னத்தைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள்.

"அப்போ இத்தனை நாளும் நான் வடிச்சது ஒண்ணுமே உள்ளே போகலையா? இதை மனசுல வெச்சுண்டே தினம் மணி அடிச்சேளா? மனுஷாளா நீங்கல்லாம்?" பிறகு கிளாரன்ஸிடம் திரும்பினாள். "உங்க கார்ல நாலு பேர் போகலாமோ?"

"நாலா? நாம மூணு பேர்தானே, சிஸ்டர்?"

"பெருமாளை மடியிலயா வெச்சுண்டு வருவேன்? அவருக்குத் தனி சீட்டு."

அந்தச் சனிக்கிழமை லீவு போட்டு, ஆராதனத்தை வீட்டில் முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். முன் இருக்கையில் கிளாரன்ஸுக்குப் பக்கத்தில் வைத்தீஸ்வரன். பின்னால் மங்களம், அவளுக்குப் பக்கத்தில் தனி இருக்கையில், தீட்டுப்படாத மடி வஸ்திரம் விரித்து, சீட் பெல்ட் போட்ட எவர்சில்வர் டப்பாவில் சுருள்கல். காலடியில் சிறிய காஸ் அடுப்பும் அரிசியும் பெங்களூர்க் குடிதண்ணீர் கேனும். ஓசூரில் கிளாரன்ஸ் பிரியாணிக்கு வண்டியை நிறுத்தப் பார்த்தபோது, "பெருமாள் வண்டியில உக்காந்திருக்கார்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கிளாரன்ஸ் கிருஷ்ணகிரிவரை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். வைத்தீஸ்வரன் இத்தனை ஆண்டுகளாக இந்தச் சாலையில் ஏறியதும் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொள்வார். இந்த முறை அப்படிச் செய்யத் தோன்றவில்லை. வீடு முழுவதும் பின் இருக்கையில் வந்துகொண்டிருந்தது. ஆத்தூர் தாண்டியபோது கிழக்கே வானம் இருண்டிருந்தது.

இரவு பெரம்பலூரில் ஒரு கோயில் சத்திரத்தில் தங்கினார்கள். ஞாயிறு காலை காரையில் தூறல். கிளாரன்ஸ் வண்டியை மேட்டில் நிறுத்தினார். மூவரும் ஓடைக்குள் இறங்கினார்கள். வைத்தீஸ்வரன் ஒரு கையில் டப்பாவையும் மறு கையில் ஊசிப் பையையும் பிடித்துக்கொண்டு முன்னால் விரைந்தார். பின்னால் அடுப்புப் பையோடு வந்த மங்களத்தின் காலடி ஓசை நின்றுவிட்டதை அவர் சற்றுத் தள்ளிப் போன பிறகே உணர்ந்தார்.

அவள் ஓடையின் நடுவில் ஒற்றைக் காலை முன்னால் தூக்கியபடி நின்றிருந்தாள். இரவு மழை களியைக் கழுவியிருந்தது. நனைந்த தரையெங்கும் சுருள்கற்கள். முழுதும் பாதியும் துண்டுமாக, ஈரத்தில் கறுத்து, ஒவ்வொன்றிலும் சக்கரம். சற்றுத் தொலைவில் வெள்ளாடுகள் அவற்றின்மேல் மிதித்துக்கொண்டு மேய்ந்தன.

"ஏன்னா! எங்கே கால் வெக்கறது?"

"சும்மா வா. ஒண்ணும் ஆகாது."

"எப்படி வருவேன்? கீழே பாருங்கோ! முன்னாடியும் இருக்கு, பின்னாடியும் இருக்கு!"

வந்த வழியிலும் அவள் மிதித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திரும்பவும் முடியாது, முன்னேறவும் முடியாது. தூக்கிய காலை வைக்க இடமின்றி, கையில் அடுப்போடு, அவள் அழத் தொடங்கினாள்.

வைத்தீஸ்வரன் திரும்பி வந்தார். தெற்குக் கரை இன்னும் ஒரு வளைவுக்கு அப்பால் இருந்தது; தூறல் வலுத்துக்கொண்டிருந்தது. அவர் டப்பாவையும் பையையும் கிளாரன்ஸிடம் கொடுத்துவிட்டு மண்டியிட்டார். அவளுடைய பாதத்திற்கு முன்னால் இருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார். ஓர் அடி வைக்க இடம் கிடைத்தது. அவள் வைத்தாள். அடுத்த அடிக்கு மீண்டும் பொறுக்கினார். எந்தக் கல்லையும் திருப்பிப் பார்க்க நேரமில்லை. வேறொரு நாளாக இருந்தால் அவற்றில் பலவற்றைக் கைக்குட்டையில் சுற்றியிருப்பார்.

"கல்யாணத்துல அம்மி மிதிக்கிறதுக்குக்கூட நீ இவ்வளவு குனிஞ்சிருக்க மாட்டே, மேன்" என்றார் கிளாரன்ஸ்.

வளைவில் ஒரு மேடான மண் திட்டில் மங்களம் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தாள்.

"இத்தனை பேருக்கும் யார் அன்னம் போடறா?"

"யாரும் போடலை, சிஸ்டர். எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார் கிளாரன்ஸ். இந்த முறை அவர் கேலியாகச் சொல்லவில்லை.

தெற்குக் கரையின் பாதி சரிந்திருந்தது. மூன்று அடையாளக் கற்களில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதற்குக் கீழே ஜிப்சம் தகடுகள் கலைந்து கிடந்தன. ஆனால் பிளந்த கல்லின் மறுபாதி, வெடிப்புக்கு ஒரு சாண் இப்பால், இன்னும் பதிந்து நின்றது. வைத்தீஸ்வரன் குப்புறப் படுத்தார். ஊசியால் களியைத் துகள் துகளாகக் கிளறினார். கிளாரன்ஸ் குடையைப் பிடித்தார். நெடுநேரத்திற்குப் பிறகு, நகம்போல் வளைந்த அந்த விளிம்பு, ஒரு சில்லும் போகாமல், அவர் உள்ளங்கையில் தளர்ந்து இறங்கியது. அவர் எழுந்து ஓரெட்டுப் பின்வாங்கியபோது கரையின் அந்தப் பகுதி ஓசையில்லாமல் ஓடைக்குள் உட்கார்ந்தது.

மங்களம் மண் திட்டில் அடுப்பை மூட்டி அன்னம் வடித்திருந்தாள். வைத்தீஸ்வரன் டப்பாவைத் திறந்து சுருள்கல்லை எடுத்தார். உடைந்த முனையில் வாய்த் துண்டை வைத்து, சற்றே திருப்பினார். அது உட்கார்ந்தது. இணைப்பு விரல் நுனிக்குத் தெரியவில்லை. தம் வாழ்நாளில் எத்தனையோ லட்சம் வளையங்களை அளந்தவருக்கு, ஒன்று மற்றொன்றில் இப்படிப் பொருந்துவதைத் தொட்டறிவது அதுவே முதல் முறை.

"ஃபெவிக்விக் கார்ல இருக்கு. ஒரு சொட்டு போட்டா ஜன்மத்துக்கும் பிரியாது" என்றார் கிளாரன்ஸ்.

"பெருமாளுக்கு ஃபெவிக்விக்கா! நன்னா இருக்கே!" என்றாள் மங்களம். அவளுடைய பழைய குரல் திரும்பியிருந்தது.

தூறலுக்கு அடியில், குடைக்குக் கீழே ஆராதனம் நடந்தது. மணி அடித்து முடித்ததும் மங்களம் கைகூப்பியபடியே சொன்னாள்.

"ஏன்னா, ஒண்ணு சொல்றேன். இவரை இங்கேயே விட்டுடலாம்."

வைத்தீஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தனை பேர் இருக்கா இங்கே. இவரை மட்டும் அந்த ரெண்டு ரூமுக்குள்ளே கிண்ணத்துல அடைச்சு வெச்சுண்டு இருக்கோம். வாயும் வந்தாச்சு, வயிறாரச் சாப்பிட்டாச்சு. சொந்தக்காராளோட இருக்கட்டும். நீங்களும் பழையபடி மாசாமாசம் வந்து பாத்துட்டுப் போகலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"லாவண்யா?" என்று அவர் கேட்டார். கேட்டது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவளைக் காப்பாத்த இங்கேர்ந்து முடியாதா என்ன இவருக்கு?"

கிளாரன்ஸ் நண்பரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். விடுதலை வந்துவிட்டது என்பது அந்தத் தட்டின் பொருள். ஒரு குழி தோண்டி வைத்துவிட்டு எழுந்தால் போதும். நாளைக் காலை நிதானமாகக் காப்பி குடித்துவிட்டுப் பஸ் ஏறலாம். அடுத்த மாதம் இதே ஓடை.

வைத்தீஸ்வரன் தம் கையைப் பார்த்தார். மழைத்துளி விழுந்து சுருள்கல் பளபளத்தது. உள் அறைமுதல் வாய்வரை, ஓர் இழைகூடக் குறையாத முழுச் சுருள். பன்னிரண்டு ஆண்டுகளில் வேறெங்கும் அவர் காணாதது. இதை இந்தக் களியில் வைத்தால் அடுத்த மழை கொண்டுபோய்விடும்; ஆடு மிதிக்கும்; வாய்தான் முதலில் உடையும்.

வீட்டிற்கு எடுத்துப் போய்க் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம் என்று சொல்ல முடியாது. ஆராதனம் கண்டதை மங்களம் பிஸ்கட் டின்னில் போட விடமாட்டாள். விடுவதானால் இங்கே விட வேண்டும்; வைத்துக்கொள்வதானால் சோறு போட்டே வைத்துக்கொள்ள வேண்டும்.

"அது எப்படி விட முடியும், மங்களம்?" என்றார். "அடுத்த வருஷம் அப்பா திவசத்துக்கு வேணுமே."

கிளாரன்ஸ் குடையைச் சற்றே விலக்கி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். மங்களமும் பார்த்தாள். அவள் பார்வை அவர் முகத்திலிருந்து, கல்லைச் சுற்றி மூடிக்கொண்டிருந்த அவருடைய விரல்களுக்கு இறங்கியது. அங்கே சிறிது நேரம் நின்றது.

"அப்போ தினம் நீங்கதான் பண்ணணும்."

"பண்றேன்."

"ஒரு நாள்கூட விடப்படாது. அப்புறம் இந்தப் பக்கம் வரணும்னு பேச்சே எடுக்கப்படாது. என்னால மறுபடி இந்த ஓடையில கால் வெக்க முடியாது."

அவர் தலையசைத்தார்.

"நீ ஒரு லூஸு மேன்" என்று கிளாரன்ஸ் மெல்லச் சொன்னார். பிறகு ஓடைக்குள் இறங்கிக் குனிந்து, மங்களம் ஏறிச் செல்வதற்கு வழியில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைக்கத் தொடங்கினார்.

இப்போது வைத்தீஸ்வரன் முன்னிலும் சற்று முன்னதாக எழுந்துகொள்கிறார். ஒட்டாத இரண்டு துண்டுகளையும் கிண்ணத்தில் நனைத்துப் பொருத்துவதற்கு நேரம் பிடிக்கிறது. சிறிது திருப்பினால்தான் உட்காரும். பொருந்தியதும் கையை எடுக்காமல் சிறிது நேரம் வைத்திருப்பார். அந்த நேரத்தில் மங்களம் அவரைக் கூப்பிடுவதில்லை.

தை மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலை, கைப்பேசியில் கிளாரன்ஸின் செய்தி வந்தது. மழைக்குப் பிறகு காரையில் வடக்கே புதிதாக ஓர் ஓடை திறந்திருக்கிறதாம். இன்னும் யார் காலும் படவில்லையாம். இரவு கிளம்புகிறேன், வருகிறாயா என்று கேட்டிருந்தார். கீழே கிருஷ்ணப்பாவின் ஹாரன் ஒலித்தது. வைத்தீஸ்வரன் ஈர விரலால் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"ஏன்னா, அன்னம் ஆறறது" என்றாள் மங்களம் உள்ளிருந்து. "மணி இன்னும் கேக்கலையே."

அவர் மணியை எடுத்தார்.